தொய்வுக் கணக்கில் தூரத்தை எங்கிருந்து அளப்பது?

பெங்களூரு அல்சூரில் மாலை வேளைகளில் சிவில் படிக்கும் நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சுமையால் பீம் எவ்வளவு கீழே வளைகிறது என்பதுதான் தொய்வு. அதை மொமென்ட் (சுமையின் வளைக்கும் விளைவு) படத்தின் பரப்பிலிருந்து கணக்கிடும் மொமென்ட்-ஏரியா முறையில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பரப்பைச் சரியாகப் போட்டுவிட்டு, அதன் மையத்துக்கான தூரத்தைத் தப்பான முனையிலிருந்து அளந்துவிடுகிறார்கள். கேன்டிலீவரில் (ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்த பீம்) தொய்வு எந்தப் புள்ளியில் வேண்டுமோ, அங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

1.5 மீட்டர் பால்கனி கேன்டிலீவர், நுனியில் 10 கிலோநியூட்டன் சுமை என்று வையுங்கள். சுயஎடையை விட்டுவிடுவோம். சுவரருகே மொமென்ட் 15 கிலோநியூட்டன்-மீட்டர். மொமென்ட் படம் ஒரு முக்கோணம், பரப்பு 11.25. ஈஐ (பீம் வளையாமல் எதிர்க்கும் விறைப்பு) மதிப்பு 5000 கிலோநியூட்டன்-சதுரமீட்டர் என்றால், பரப்பை அதால் வகுத்ததும் நுனிச் சாய்வு 0.00225 ரேடியன். முக்கோணத்தின் மையம் நுனியிலிருந்து 1 மீட்டர். ஆக, இரண்டையும் பெருக்கினால் தொய்வு 2.25 மில்லிமீட்டர். சுவரிலிருந்து அளந்திருந்தால் இதில் பாதிதான் வந்திருக்கும். எவ்வளவு ஆபத்தான பிழை பாருங்கள்!

இருபுறமும் தாங்கிய பீமில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே கிடைப்பது, வளைந்த பீமின் ஒரு புள்ளியில் வரைந்த தொடுகோட்டிலிருந்து இன்னொரு புள்ளியின் விலகல். அதையே தொய்வு என்று எழுதிவிடக் கூடாது. சுமை நட்டநடுவில் இருந்தால் நடுத் தொடுகோடு கிடைமட்டம், அதிலிருந்து தாங்கியின் விலகலே நடுத் தொய்வு. சுமை ஓரமாக இருந்தால் முதலில் ஒரு தாங்கியின் சாய்வைக் கண்டுபிடியுங்கள்.