ராடார் படங்களை வைத்துக் கடல்பனியின் நகர்வை அளப்பது எப்படி?

பழக நல்ல இடம், கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் நடுவிலுள்ள ஃபிராம் நீரிணை. ஆர்க்டிக்கை விட்டு வெளியேறும் கடல்பனியில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் தெற்கே போகிறது. அந்தப் பனி நகரும் வேகத்தைக் காலநிலை மாதிரி (காலநிலையைக் கணித்துக் காட்டும் கணினி நிரல்) சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ராடார்தான் கைகொடுக்கும். குளிர்கால இருட்டும் மேகமும் ராடாருக்குத் தடையில்லை.

முதலில் ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களைத் தரும் கோப்பர்னிகஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, சென்டினல்-1 ராடார் செயற்கைக்கோளின் இடபிள்யூ (EW, மிக அகலமான பட்டை) ஜிஆர்டி (GRD, தரைத் தூரத்துக்கு மாற்றிய) படங்கள் இரண்டை இறக்குங்கள். ஒரு நாள் இடைவெளி போதும். அகலம் 400 கி.மீ., பிக்சலுக்கு 40 மீட்டர். குளிர்காலப் படமாக எடுங்கள். கோடையில் பனிமேல் உருகிய நீர் நின்றால் அடையாளங்கள் அழிந்துவிடும்.

அப்புறம் ஸ்நாப் (SNAP) என்ற படச் செயலாக்க மென்பொருளில் வெப்ப இரைச்சலை (கருவியே உண்டாக்கும் இரைச்சலை) நீக்கி, அளவீட்டைத் திருத்துங்கள் (calibration). இரைச்சல் நீக்காத எச்வி (HV, கிடையாக அனுப்பிச் செங்குத்தாகப் பெறும் அலை) படத்தில் நெடுக்குப் பட்டைகள் தெரியும். இரண்டு படங்களிலும் ஒரே தட்டைத் தேடிப் பொருத்தும் நிரல் அவற்றையும் பனி என்று நம்பிவிடும்.

இரண்டு படங்களையும் பொருத்த, ஸ்நாப்பிலேயே இருக்கும் ஆஃப்செட் டிராக்கிங் (இடப்பெயர்ச்சியைத் தேடும் கருவி) வேண்டாம். அது பனியாறுகளுக்குச் சரி. கடல்பனித் தட்டுகளோ நகரும்போதே சுழலும். நார்வேயில் பெர்கன் நகரிலுள்ள நான்சென் ஆய்வு மையம் வெளியிட்ட பைத்தான் நிரல், சுழற்சியையும் சேர்த்துத் தேடுகிறது. ஒரு தட்டு ஒரு நாளில் 200 பிக்சல் நகர்ந்திருந்தால் 8 கி.மீ.; அதாவது நொடிக்குச் சுமார் 9 செ.மீ.

இனி வருவதுதான் பலரும் சறுக்கும் இடம். நகர்வை இபிஎஸ்ஜி 3413 (EPSG:3413, வடதுருவத்தை மையமாக வைத்த வரைபட முறை) வரைபடத்தில் அளந்தால், அதன் எக்ஸ் அச்சு கிழக்கு அல்ல! அதன் மைய நெடுங்கோடு, அதாவது துருவத்திலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு, மேற்கு 45 பாகை. ஃபிராமில் 0 பாகை நெடுங்கோட்டில் நேர் தெற்கே போகும் பனி, வரைபடத்தில் வலப்பக்கம் கீழாகச் சாய்ந்து ஓடும். அதை அப்படியே எடுத்தால், பனி ஸ்வால்பார்டு பக்கம் ஒதுங்குவதாகக் கணக்கு வரும். பாவம், தவறு நம்முடையது, காலநிலை மாதிரிமேல் பழி விழும். கோணம் = நெடுங்கோடு + 45 (மேற்கு நெடுங்கோட்டுக்குக் கழித்தல் குறி). எக்ஸ், ஒய் என்பவை வரைபட அச்சுகள் வழியான வேகங்கள்; காஸ், சைன் இந்தக் கோணத்துக்கு. கிழக்கு வேகம் = எக்ஸ் × காஸ் + ஒய் × சைன்; வடக்கு வேகம் = ஒய் × காஸ் − எக்ஸ் × சைன். ஒப்பிடும் மாதிரியின் வேகமும் கிழக்கு-வடக்கில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாதிரிகள் தங்கள் கட்டங்களின் திசையிலேயே எழுதிவைக்கும்.

பின்சேர்க்கை: கடல் முழுக்க வெறுமையாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். படத்தை வரைபடத்தில் உட்காரவைக்கும் ஸ்நாப்பின் நிலமேடு திருத்தத்தில் (terrain correction), உயரத் தரவு இல்லாத இடத்தை மறைக்கும் பெட்டி தானாகவே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள், அல்லது மேடுபள்ளம் பார்க்காத எலிப்சாய்டு திருத்தத்தையே பயன்படுத்துங்கள். கடலுக்கு அதுவே போதும்.