ரீப்பரில் டிரம் பிளகினைப் பல டிராக்குகளாகப் பிரிப்பது

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், டிரம் பிளகினிலிருந்து (டிரம் ஒலிகளைத் தரும் துணை மென்பொருள்) கிக், ஸ்னேர், ஹைஹாட் மூன்றும் ஒரே ஸ்டீரியோவில் கலந்து வந்தால் ஸ்னேருக்கு மட்டும் ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட முடியாது. முதலில் பிளகினின் சொந்த மிக்ஸரில் கிக்கை அவுட் 1-2, ஸ்னேரை 3-4, ஹைஹாட்டை 5-6 என்று பிரியுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். இது இல்லாமல் மற்றது எதைச் செய்தும் பயனில்லை.

பிறகு அந்த டிராக்கின் ரூட்டிங் சாளரத்தில் சேனல்களை 2-லிருந்து 6 ஆக்கி, மூன்று புதிய டிராக்குகளுக்கு சென்ட் (ஒலியை இன்னொரு டிராக்குக்கு அனுப்பும் இணைப்பு) போடுங்கள். ஸ்னேர் சென்டில் மூலம் 3/4, சேருமிடம் 1/2. சென்ட்களில் மிடியை (இசைக்குறிப்புக் கட்டளைகள்) அணைத்துவிடுங்கள், ஆடியோ மட்டும் போனால் போதும்.

இப்போது பிளகின் டிராக்கிலிருந்து மாஸ்டருக்கு (இறுதி வெளியீடு) நேரடியாகப் போகும் மாஸ்டர் சென்டைக் கட்டாயம் அணைக்க வேண்டும். மறந்தால் கிக் இரண்டு வழியாக மாஸ்டருக்குப் போய் 6 டெசிபல் வரை கூடும். அந்த டிராக்கின் ஃபேடரையும் (ஒலியளவுக் கட்டுப்பாடு) 0 டெசிபலிலேயே விடுங்கள்: சென்ட்கள் இயல்பில் போஸ்ட்-ஃபேடர் (ஃபேடரைத் தாண்டிய பிறகு எடுக்கப்படுபவை) என்பதால், அதை இறக்கினால் மூன்றுமே சேர்ந்து இறங்கும்.

ரிவெர்ப்புக்குத் தனி டிராக். அதில் வெட் (எஃபெக்ட் ஒலி) மட்டும், டிரை (மூல ஒலி) முழுக்க அணைந்திருக்கட்டும். ஸ்னேரிலிருந்து போகும் சென்டும் போஸ்ட்-ஃபேடராகவே இருக்கட்டும். ப்ரீ-ஃபேடர் (ஃபேடருக்கு முன்பே எடுப்பது) ஆனால் ஸ்னேரைக் குறைத்தாலும் எதிரொலி குறையாது.