தட்டும் எஞ்சினை ஆராயும்போதே உடைத்துவிடாதீர்கள்

ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டதும் வழக்கமாக நடப்பது இது: பானெட்டைத் திறந்துவைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்; மற்றொருவர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறார். எனக்குப் பதறும் இடம் இதுதான். பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப்பக்கத்து பேரிங் தேய்ந்துதான் அந்தச் சத்தம் வருகிறது என்றால், அங்கே உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்துவைத்திருந்த ஆயில் படலம் ஏற்கெனவே அறுந்துவிட்டது. சுழற்சி இரட்டிப்பானால் பிஸ்டனும் ராடும் அந்த பேரிங்கை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். நிமிடத்துக்கு 8,000 சுழற்சி வரை போகும் எஞ்சினை இந்த நிலையில் உறுமவிட்டால், ராட் முறிந்து எஞ்சினின் உலோக உடலான பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். பேரிங் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை, புது எஞ்சின் தேடும் வேலையாகிவிடும்.

சத்தம் எதனுடையது என்று தெரியாதவரை மோசமானது என்றே வைத்துக்கொண்டு எஞ்சினை அணையுங்கள். அடுத்து ஆயில் அளவைப் பாருங்கள்.

‘நாக்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கோளாறுகளை அழைக்கிறோம். குழப்பத்தில் பாதி இதனால்தான். ஒன்று எரிதலின் கோளாறு. ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவிவந்து சேரும் முன்பே, மூலையில் மிச்சமிருக்கும் எரிபொருள் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாக வெடிக்கிறது. தகர டப்பாவில் கோலிக்குண்டைக் குலுக்கியது போன்ற மெல்லிய ஒலி இது. உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கும்போது கேட்கும். மற்றொன்று இயந்திரத் தேய்மானம். ராட் பேரிங்கின் ஒலி கனமானது, அடிவயிற்றிலிருந்து வருவது. பெரும்பாலும் எஞ்சின் சூடேறிய பிறகு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் அல்லது லேசாக வைக்கும் தருணத்தில் வெளிப்படும். முதல் கோளாறுக்கு உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் மருந்தாகலாம். இரண்டாவதற்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பெட்ரோலை மாற்றிப் பார்ப்போம் என்று ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கிராங்க்ஷாஃப்ட் தேய்கிறது.

காரின் கணினியிலிருந்து பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை முழுதாக நம்புவதும் தவறுதான். ‘பேரிங் தேய்ந்துவிட்டது’ என்று சொல்லும் பிழைக்குறியீடு பெரும்பாலான கார்களில் இல்லை. நாக் சென்சார் பிளாக்கின் அதிர்வை உணரும் கருவி. அது எரிதலின் அதிர்வுக்குரிய அலைவரிசையைத்தான் தேடுகிறது என்றாலும், இயந்திரத் தட்டலும் சில நேரம் அதை ஏமாற்றிவிடும். உடனே கணினி ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளும். திரையில் அதைப் பார்ப்பவர் பெட்ரோல் மீது பழிபோட்டுவிட்டு நகர்கிறார்.

எங்கே தட்டுகிறது என்று தேடுவதற்கு முன்னால், எப்போது தட்டுகிறது என்று எழுதிவையுங்கள். குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, சூடேறச் சூடேற மறைந்தால், பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவதாக இருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவாகவும் இருக்கலாம், ஏனென்றால் உலோகம் விரிந்ததும் அந்த இடைவெளி அடைபடுகிறது. சூடாகி ஆயில் இளகியபின் சத்தம் வலுத்தால் பேரிங் மீது சந்தேகம் கூடுகிறது. ஆகவே காரை ஓட்டிச்சென்று சூடான எஞ்சினை மெக்கானிக்கிடம் காட்டினால் பாதிச் சாட்சியம் வழியிலேயே தொலைந்துவிடும். சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்பி, இரவு முழுக்க அங்கே நிற்கவைத்து, காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது கூடவே இருங்கள். நேரடி எரிபொருள் செலுத்தும் எஞ்சின்களில் இன்ஜெக்டர்களின் ‘டிக் டிக்’ இயல்பானது என்பதும் நினைவிருக்கட்டும்.

போர்ஷே 911-இன் 996 வரிசை எஞ்சினில் சிலிண்டர் சுவர் கீறலால் வரும் தட்டலை வால்வை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. ஒரு பக்கத்து எக்ஸாஸ்ட் குழாய் மட்டும் கரிபிடித்திருந்தால் அப்படித் தள்ளிவிடாதீர்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. கீறல் சுவரின் அடிப்பகுதியில் தொடங்கியிருந்தால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தும் பார்க்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. சத்தம் கேட்டவுடன் ஆயிலை மாற்றுவது, அடர்த்தியான ஆயிலையோ சத்தம் அடக்கும் திரவத்தையோ ஊற்றுவது, இவையெல்லாம் தடயத்தை அழிப்பவை. பழைய ஆயிலில் ஒரு மாதிரியைச் சுத்தமான குப்பியில் எடுத்துவையுங்கள். ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். அங்கே மின்னும் துகளைக் காந்தம் இழுக்கவில்லை என்றால் நிம்மதியடையக் கூடாது. பேரிங்கின் மேற்பூச்சில் இருப்பவை ஈயம், செம்பு, வெள்ளீயம், அலுமினியம் போன்றவை. இவற்றில் எதையும் காந்தம் இழுக்காது. அதேபோல் ஆய்வகத்தின் வழக்கமான உலோகச் சோதனை நுண்ணிய துகள்களைத்தான் நன்றாகக் கணக்கிடும், பெரிய செதில்களைத் தவறவிடும். ஃபில்டரும் அறிக்கையும் சேர்ந்துதான் பேச வேண்டும். பிஎம்டபிள்யூ எம்3-இன் எஸ்54, எஸ்65 எஞ்சின்கள் ராட் பேரிங் தேய்மானத்துக்குப் பெயர்போனவை. அவற்றை வைத்திருப்போர் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் மாதிரி அனுப்பி, ஈயம் போன்ற பேரிங் உலோகங்களின் அளவு ஏறுகிறதா என்று ஒப்பிடுவது நல்லது.

ஆயில் பிரஷர் சரியாக இருக்கிறதே என்பதும் சமாதானம் ஆகாது. ஒரே ஒரு பேரிங் மட்டும் தளர்ந்திருந்தால் முள் அசையாமலே நிற்கலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்டெதாஸ்கோப் உதவும், ஆனால் பிளாக் முழுவதும் ஒலி பரவுவதால் அது திசையைத்தான் காட்டும். ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டரைச் சில விநாடி துண்டித்துப் பாருங்கள். ஒன்றை நிறுத்தியதும் தட்டல் தணிந்தால் அந்தச் சிலிண்டரின் ராடும் பிஸ்டனும் சந்தேகத்துக்குரியவை. எதில் துண்டித்தாலும் மாறவில்லை என்றால், எஞ்சினைப் பிரிக்கும் முன் வெப்பத்தடுப்புத் தகடு, பெல்ட் டென்ஷனர், ஃபிளைவீல் ஆகியவற்றைப் பாருங்கள். தளர்ந்த தகடு ஒன்று ராட் தட்டலைப் போலவே ஒலிப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

பேரிங்தான் என்று உறுதியான பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: அது ஏன் தேய்ந்தது? பந்தயத் தடத்தின் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது பேரிங் ஷெல் போட்டால் அதுவும் அதே வளைவில் போய்விடும். கிராங்க்ஷாஃப்டில் பேரிங் அமரும் பகுதியான ஜர்னலை மைக்ரோமீட்டரால் அளக்காமல் ஷெல் பொருத்தாதீர்கள். பழைய உலோகத்தூள் ஆயில் கூலரின் நுண்குழாய்களுக்குள் தங்கியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுதாக வெளியே வராது. கூலரைப் புதிதாகவே போடுங்கள்.