சிலம்பு வடிவத்தில் வீடு வரையாதீர்கள்

கண்ணகிக்கு ஒரு வீடு வரையலாம் என்று உட்கார்ந்தபோது நான் முதலில் வரைந்தது ஒரு சிலம்பு. வட்டமான கட்டடம், சிலம்பின் வாய் இருக்கும் இடத்தில் வாசல், பரல்களைப் போல வரிசையாகச் சிவப்பு ஜன்னல்கள், கூரை மேல் தீ. மூன்று இரவு வேலை. நண்பனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடா. எந்த நகைக்கடைக்கு?" என்றான்.

இலக்கியப் பாத்திரங்களின் குணத்தைக் கட்டடமாக வரைய ஆரம்பிக்கும் எல்லோரும் முதலில் விழும் குழி இதுதான். பாத்திரத்தின் கையில் உள்ள பொருளை எடுத்து, பெரிதாக்கி, அதற்கு ஒரு கதவு வைத்துவிடுவது. ஷெர்லாக் ஹோம்ஸ் என்றால் புகைக்குழாய் வடிவத்தில் சிம்னி. டிராகுலா என்றால் வௌவால் இறக்கைக் கூரை. பார்க்கிறவர் ஒரு நொடியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார், அடுத்த நொடியில் படத்தைத் தாண்டிப் போய்விடுவார். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டினாலும் இதே பலன்தான் கிடைக்கும்.

என் சிலம்பு வீட்டில் இன்னொரு தவறும் இருந்தது. நான் காப்பியத்திலிருந்து வரையவில்லை. 1968இல் மெரினாவில் வைத்தார்களே, சிலம்பை ஏந்திய அந்தச் சிலை, அதிலிருந்து வரைந்திருக்கிறேன். சிலை ஒரு கணத்தைப் பிடிக்கும், அதன் வேலை அது. வீடு அப்படியில்லை. ஒரு ஆள் தினமும் எழுந்து, நடந்து, படுத்த இடம் அது. எதைத் திறந்து வைக்கிறார், எதை மூடி வைக்கிறார் என்பதில்தான் வீட்டுக்காரரின் குணம் தெரியும்.

சரி என்று நூலைத் திறந்தால், இளங்கோ அந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார். கண்ணகி புகாரில் வாழ்ந்தது மாமியார் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்த வீடு. பல அடுக்கு மாடம், அதில் நடு அடுக்கில் இருவரும் இருக்கிறார்கள். முத்து வரிசை கோத்த அழகான ஜன்னலின் சின்னக் கண் வழியே, வண்டோடு சேர்ந்து தென்றல் உள்ளே வருகிறது. 'சாளரக் குறுங்கண்' என்பது அவருடைய சொல். பிறகு கோவலன் மாதவியிடம் போய்விடுகிறான். அந்தி மாலை வருகிறது. மாதவி 'நெடுநிலா முற்றத்தில்' இருக்கிறாள், அதாவது நிலவொளியை அனுபவிக்கவே உள்ள திறந்த மாடியில். அதே மாலையில் கண்ணகி எப்படி இருந்தாள் என்று சொன்ன கையோடு, கணவரைப் பிரிந்த பெண்கள் வேனில் காலத்துப் படுக்கையறைக்குப் போகாமல், குளிர்காலத்து அறையில் ஜன்னலின் குறுங்கண்ணை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள் என்கிறார். ஒரே நிலா. ஒருத்தி மாடியைத் திறந்து வைக்கிறாள், இன்னொருத்தி ஜன்னலைச் சாத்துகிறாள். இதற்கு மேல் ஒரு ஓவியருக்கு என்ன குறிப்பு வேண்டும்? நான் என்னடாவென்றால் கூரையில் தீ வைத்துக்கொண்டிருந்தேன்.

எந்தக் காலத்துக் கண்ணகி என்று முடிவு செய்யாமல் வரைவதும் தவறுதான். புகாரில் மாடமாளிகை. மதுரை எல்லையில் ஆயர் குடியிருப்பில், செம்மண் பூசி, பந்தல் போட்ட சிறு வீடு. கடைசியில் மலையில் ஒரு வேங்கை மர நிழல், கூரையே இல்லை. மூன்றையும் ஒரே கட்டடத்தில் திணித்தால் எதுவும் நிற்காது. கூடவே ஒரு எச்சரிக்கை. தமிழ்க் காப்பியம் என்றதும் கை தானாக ஒரு ராஜகோபுரத்தை வரையும். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் உயரமான கோபுரங்களில் பெரும்பாலானவை பிற்காலச் சோழர், பாண்டியர், விஜயநகர, நாயக்கர் காலத்தவை. புகாருக்கு அவை பொருந்தா. மான்கண் வடிவத்தில் காற்று வரும் துளைகள் கொண்ட மாளிகைகளைக் காப்பியமே சொல்கிறது, அதை வரையலாமே.

வீரக்கதைகளைப் படித்துத் தன்னையே ஒரு மாவீரனாக நினைத்துக்கொண்டு கிளம்பும் டான் கிஹோட்டே, செர்வாண்டஸின் ஸ்பானிய நாவலின் நாயகன். அவன் விஷயத்தில் பிழை வேறு மாதிரி. பத்தில் ஒன்பது பேர் காற்றாலை வரைவார்கள். காற்றாலை, அரக்கன் என்று நினைத்து அவன் மோதப் போனது. அது அவன் எதிரே நின்றது, அவன் குணம் அது அல்ல. 1605இல் வந்த முதல் பாகத்தில் அவனுக்கு என்றே இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று, வழியில் வரும் சாதாரணச் சத்திரம். அவன் கண்ணுக்கு அது நான்கு கோபுரமும் வெள்ளிச் சிகரமும் அகழியும் உள்ள கோட்டை. சுண்ணாம்புச் சுவரோடு ஒரு மட்டமான சத்திரத்தை வரைந்து, அதன் நிழலை மட்டும் கோட்டையாக விழவிட்டால் போதும், ஆள் வந்துவிடுவான். இன்னொன்றைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். புத்தகம் படித்துப் பைத்தியமானான் என்று பாதிரியாரும் நாவிதரும் அவன் நூலக அறையின் வாசலையே சுவர் எழுப்பி மூடிவிடுகிறார்கள். அவன் எழுந்து வந்து, கதவு இருந்த இடத்தைக் கையால் தடவித் தடவித் தேடுகிறான். மந்திரவாதி அறையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று வீட்டார் சொல்ல, நம்பியும் விடுகிறான். நீளமான பழைய சுவர், அதில் கதவு அளவுக்குப் புதுப் பூச்சு, சற்று வெளுத்த நிறம். படத்துக்கு இவ்வளவே போதும்.

சோகம் என்றால் இடிபாடு என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. மிஸ் ஹேவிஷாம் இதற்கு நல்ல உதாரணம். டிக்கன்ஸ் 1860–61இல் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், கல்யாண நாளன்று மணமகன் கைவிட்டதும், கடிகாரங்களை எல்லாம் ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிட்டு, அதே கல்யாண உடையில் கிழவியாகும் வரை உட்கார்ந்திருப்பவர். இவருக்கு வரையும் வீட்டில் சாய்ந்த சுவரும் உடைந்த ஓடும் காக்கைகளும் வந்துவிடும். ஆனால் அவர் ஏழை இல்லை, மதுபான ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பம். வீடு தானாக இடிந்து போகவில்லை, நேரத்தை நிறுத்துவது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அந்த வீட்டுக்கு மாதிரியாகச் சொல்லப்படும் மாளிகை ரோசெஸ்டர் நகரத்தில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. கதையில் சில ஜன்னல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். ஆஹா, சோகம் என்று எல்லா ஜன்னலையும் அடைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது, அதைத் தவிர்க்கவே பலர் ஜன்னல்களை அடைத்தார்கள். அடைத்த ஜன்னலைப் பார்த்தால் கஞ்சன் வீடு என்றும் தோன்றலாம். பட்டப்பகலில் உள்ளே எரியும் மெழுகுவத்திதான் ஹேவிஷாமைக் காட்டிக்கொடுக்கும். வெளியே வெயில், திரைச்சீலை விளிம்பில் மஞ்சள் வெளிச்சம். கதையில் அந்த வீட்டின் பெயர் 'சாட்டிஸ்', அதற்கு 'போதும்' என்று பொருள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால் தூரிகை கொஞ்சம் அடங்கும்.

அளவுப் பிழைகள் தனி ரகம். கோபக்காரர் வீட்டுக்கு இருபதடிக் கதவு வைப்பார்கள், பக்கத்தில் ஒரு மனிதரை வரைந்து பார்க்க மாட்டார்கள். ஹோம்ஸ் தன் வீட்டு மாடிக்குப் பதினேழு படிகள் என்று எண்ணி வைத்திருப்பார், நூற்றுக்கணக்கான முறை ஏறிய அவர் நண்பர் வாட்சன் எண்ணியிருக்க மாட்டார். ஒரு படிக்கு ஏழு அங்குலம் என்றால் 119 அங்குலம், கிட்டத்தட்டப் பத்தடி. லண்டன் வீட்டின் தரைத்தளத்துக்கு அது சரியான உயரம். முகப்பை மட்டும் வரையாமல், வீட்டைக் குறுக்கே வெட்டி உள்ளே காட்டும் வெட்டுப்படம் போட்டு அந்தப் பதினேழையும் ஒவ்வொன்றாக வரையுங்கள், எண்ணிப் பார்க்கும் ஆள் யார் என்று வாசகருக்கே புரியும். பன்னிரண்டு படியோடு நிறுத்தினால் ஹோம்ஸ் ரசிகர்கள் கண்டிப்பாகக் கண்டுபிடிப்பார்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோபத்துக்குச் சிவப்பு, துக்கத்துக்குச் சாம்பல் என்று ஆரம்பித்தால் போக்குவரத்து விளக்கு மாதிரி ஆகிவிடும். முதலில் பென்சிலில் முடியுங்கள்.

இப்போது என் மேசையில் ஒரு ஏ3 தாள் இருக்கிறது. இரண்டு கட்டங்கள், மேலே ஒரே நிலா. இடது பக்கம் மாதவியின் திறந்த மாடி. வலது பக்கம் ஒரு மாடத்தின் வெட்டுப்படம், நடு அடுக்கில் உள்பக்கம் தாழிட்ட குட்டி ஜன்னல், வெளியே இரண்டு மூன்று வண்டு. நண்பன் வந்து பார்த்தான். "சிலம்பு எங்கடா?" என்றான். அவள் காலிலிருந்து கழற்றி ரொம்ப நாள் ஆகிறது, உள்ளே எங்கேயோ பெட்டியில் இருக்கும் என்றேன்.