பழைய மினிவேன்: கதவு, பேட்டரி, கூலன்ட்

எங்க மினிவேனில் நான் முதலில் பார்ப்பது ஸ்லைடிங் கதவைத்தான்; குழந்தைகள் ஏறி இறங்கும் கதவு அது. இறுகினால் மல்லுக்கட்டி இழுக்காதீங்க. கீழ்த் தடத்தில் மணலும் பிஸ்கட் தூளும் பழைய கிரீஸோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருக்கும். பழைய டூத் பிரஷால் சுரண்டி, துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடிங்க. அப்புறமும் கதவு தொங்கினால் ரோலர் தேய்ந்திருக்கலாம்.

காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முக்கினால் உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீங்க. முனைகளைச் சுத்தம் செய்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைங்க. முழு சார்ஜில், இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் காட்டணும். இன்ஜின் ஓடியும் வோல்ட் ஏறவே இல்லையென்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதைச் சுழற்றும் பெல்ட்டையும் பாருங்க.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே இருந்தால் கசிவைத் தேடுங்க. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.