கொடுத்தவர்களை எண்ணும் முன் கவனிக்க வேண்டியவை

பொருளியலில் ‘சர்வாதிகாரி ஆட்டம்’ என்றொரு சோதனை உண்டு. ஒருவர் கையில் பணம் இருக்கும். முகம் தெரியாத இன்னொருவருக்கு அதில் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். எதிராளி மறுபேச்சு பேச முடியாது. அப்படியும் பலர் கொஞ்சமாவது கொடுக்கிறார்கள். உடனே ‘மனிதன் இயல்பிலேயே தாராள மனசுக்காரன்’ என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. அவர்களுக்கு வேறு என்னென்ன வழிகள் இருந்தன?

பொருளியலாளர் ஜான் லிஸ்ட் 2007-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இருவருக்கும் தலா 5 டாலர். முடிவெடுப்பவருக்கு மட்டும் மேலும் 5. கொடுக்க மட்டுமே வழி இருந்தபோது 71 சதவீதம் பேர் கொடுத்தார்கள். அப்புறம், வேண்டுமானால் எதிராளியிடமிருந்து 1 டாலர் எடுக்கலாம் என்று விதியை மாற்றினார். கொடுத்தவர்கள் 35 சதவீதமானார்கள். 5 டாலர் வரை எடுக்கலாம் என்றதும் 10 சதவீதம்தான் தேறினார்கள். 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஐந்தையும் வழித்து எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆட்டத்தில் சல்லிக்காசு கொடுக்காமல் இருப்பதுதான் இருப்பதிலேயே கேவலமான செயல். பிடுங்க வழி வந்ததும், பிடுங்காமல் சும்மா இருப்பதே பெருந்தன்மை ஆகிவிடுகிறது.

சரி, எல்லாரும் சுயநலவாதிகள்தான் என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. (இந்தத் தவறுக்குத்தான் கைதட்டல் அதிகம்.) அதே ஆய்வில் இருவரையும் வேலை செய்து பணத்தைச் சம்பாதிக்க வைத்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

நழுவிப்போவதும் ஒரு வழிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜேசன் டானா என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 10 டாலரை எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்தவர்களிடம், ‘9 டாலரோடு விலகிக்கொள்ளலாம், எதிராளிக்கு எதுவும் போகாது, இப்படியொரு ஆட்டம் நடந்ததே எதிராளிக்குத் தெரியாது’ என்றார்கள். முழுப் பத்தையும் வைத்துக்கொண்டாலும் தடுக்க ஆளில்லை. ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஒரு டாலரை விட்டுவிட்டு நழுவினார்கள். வெறும் சுயநலமோ வெறும் ஈகையோ இதை விளக்காது.

வெவ்வேறு ஆய்வுகளின் சதவீதங்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னொரு தவறு. கானமன், நெட்ச், தேலர் மூவரின் 1986 ஆய்வில் 76 சதவீதம் பேர் 20 டாலரைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆனால் அவர்களுக்கு இருந்தவை இரண்டே வழிகள்: பாதிக்குப் பாதி, இல்லையென்றால் தனக்கு 18, மற்றவருக்கு 2. நடுவில் 14-6 என்று ஒன்று இருந்திருந்தால் அந்த 76-ல் எத்தனை பேர் அந்தப் பக்கம் போயிருப்பார்கள்?