மலை ஏறும் சைக்கிளுக்குக் கிராங்க் பொருத்துவது: சின்னப் பல்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

முதன்முதலில் நானே ஒரு சைக்கிள் கட்டியபோது, பார்க்க அழகாக இருந்ததே என்று ரேஸ் சைக்கிளில் கழற்றிய கிராங்க் (மிதிகளையும் முன் பல்சக்கரங்களையும் தாங்கும் பாகம்) ஒன்றை வாங்கினேன். பெரிய பல்சக்கரத்தில் 53 பல், சின்னதில் 39. சமதரையில் பறந்தது. நுவரெலியாவுக்குப் போகும் வழியில் இறம்பொடை ஏற்றத்தில் மூன்று வளைவு தாண்டுவதற்குள் இறங்கித் தள்ளினேன். சரி, சின்னச் சக்கரத்தை மட்டும் மாற்றுவோம் என்று பார்த்தால், அந்தக் கிராங்கில் 38 பல்லுக்குக் கீழே எதுவுமே உட்காராது. வாங்கிய காசு போனது போனதுதான்.

அதனால் நமது ஊருக்குச் சைக்கிள் கட்டுபவர்கள் ஏற்றத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும்: முதலில் பல்சக்கரம், பிறகு கிராங்க், கடைசியில்தான் பொட்டம் பிராக்கெட், அதாவது கிராங்கின் அச்சைப் பிரேமில் சுழலவிடும் பாகம்.

படி 1: எத்தனை பல் வேண்டும்?

முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்குங்கள். ஒரு முழு மிதிக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று வந்துவிடும். 26 அங்குல டயருக்குச் சுற்றளவு சுமார் 2.05 மீட்டர். என் பழைய கிராங்கில் முன்னால் 39, பின்னால் 28: ஒரு மிதிக்கு 2.86 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமென்றால் மணிக்குப் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டும். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் ஏற என் காலுக்கு முடியாது. அதுவே முன்னால் 22, பின்னால் 32 என்றால் ஒரு மிதிக்கு 1.41 மீட்டர், மணிக்கு 5 கிலோமீட்டர். நடை வேகம்தான், ஆனால் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

படி 2: போல்ட் வட்டம்

பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்களின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 130 மில்லிமீட்டர் என்றால் 38 பல்லுக்குக் கீழே இறங்க முடியாது (நான் மாட்டிக்கொண்டது இதில்தான்). ஐந்து போல்ட் உள்ள 110இல் 34 வரை இறங்கலாம். மலைச் சைக்கிள் கிராங்கில் வெளிவட்டம் 104, உள்வட்டம் 64 என்று நான்கு நான்கு போல்ட் இருக்கும். அந்த 64இல் 22 பல் உட்காரும்.

நான்கு போல்ட் என்றால் எதிரெதிர் போல்ட்களின் மையத்தை நேராக அளந்தால் போதும். ஐந்து என்றால் எதிரே போல்ட் இல்லை. பக்கத்துப் பக்கத்துப் போல்ட்களின் மைய இடைவெளியை அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். 64.7 வந்தால் அது 110.

படி 3: பிரேமின் குழல்

பிரேமின் அடியில் பொட்டம் பிராக்கெட் நுழையும் குழலை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். 68 அல்லது 73 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் ஆங்கில மரை; செயின் இருக்கும் வலப்பக்கம் இடமரை, அதாவது கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால்தான் இறுகும். 70 என்றால் இத்தாலிய மரையாக இருக்கலாம். அதில் இரண்டு பக்கமும் வழக்கமான வலமரை. பழைய ராலே பிரேம்களில் மரையின் நெருக்கமே வேறு. கையால் சுற்றும்போது இரண்டு மூன்று சுற்று இலகுவாகப் போகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். சாவி போட்டு முறுக்கினால் பிரேம் மரையே போய்விடும்.

படி 4: அச்சு

கிராங்கின் துளை சதுரமா, பல் பல்லாக இருக்கிறதா, அல்லது கிராங்கோடு சேர்ந்தே 24 மில்லிமீட்டர் குழாய் அச்சு வருகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாது. சதுரத்திலும் இரண்டு வகை உண்டு: ஷிமானோ பின்பற்றும் ஜப்பானிய அளவு, கம்பக்னோலோ பின்பற்றும் மற்றது. இரண்டாவதன் முனை சற்று மெல்லியது. அதில் ஜப்பானிய கிராங்கைப் போட்டால் அளவுக்கு மேல் உள்ளே போய்விடும்.

அச்சின் நீளம் 103இலிருந்து 127 மில்லிமீட்டர் வரை பல அளவுகளில் கிடைக்கிறது. கிராங்குக்கு இன்ன நீளம் என்று தயாரித்தவர்கள் சொல்லியிருந்தால் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் செயின் கோட்டை, அதாவது முன்னும் பின்னும் செயின் சைக்கிளின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதை, அளந்து முடிவு செய்யலாம் (படி 5).

படி 5: செயின் கோடு

முன்னால், இருக்கைக் குழாயின் மையத்திலிருந்து பல்சக்கரங்களின் நடு வரை அளவெடுங்கள். மூன்று சக்கரம் என்றால் நடுச் சக்கரம். இரண்டென்றால் இரண்டுக்கும் இடைப்பட்ட இடம். பின்னால், சில்லு மாட்டும் இரண்டு பிளவுகளுக்கும் இடைப்பட்ட அகலத்தில் பாதியை எடுத்து, வலப்பக்கப் பிளவின் உட்புறத்திலிருந்து நடுப் பல்சக்கரம் வரையுள்ள தூரத்தைக் கழியுங்கள். உதாரணமாக அகலம் 135, தூரம் 22: 67.5இல் 22 போக 45.5. முன் அளவும் இதற்குக் கிட்ட வர வேண்டும். முன்னால் 43 வந்தால் 5 மில்லிமீட்டர் நீளமான அச்சைப் போடுங்கள். நீளம் இரு பக்கமும் பிரிவதால் சக்கரம் 2.5 மட்டுமே வெளியே வரும்.

அப்புறம் கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றி, பெரிய பல்சக்கரம் பின் சில்லுக்குப் போகும் பிரேம் குழாயில் உரசுகிறதா என்று பாருங்கள்.

படி 6: பூட்டுவது

மரையில் கிரீஸ் தாராளமாக. பொட்டம் பிராக்கெட்டின் வலப்பக்கக் கிண்ணத்தை (பிரேமுக்குள் மரையால் இறுகும் பகுதி) முதலில் முழுதாக இறுக்கி, இடப்பக்கத்தைப் பிறகு. சதுர அச்சின் போல்ட்டை 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும்; குட்டைச் சாவியால் இந்த அளவு வராது, நீளக் கைப்பிடி வேண்டும். முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு அது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த கிராங்கோடு ஒரே ஓர் ஏற்றம் ஏறினாலும் அலுமினியத்தின் சதுரத் துளை வட்டமாகத் தேய்ந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. வேறு கிராங்க்தான் வாங்க வேண்டும்.